ஐந்து நட்சத்திரப் பையனும் மீட்டர் டிவிட்டும்

எங்கள் சித்தி மகன் டிவிட் லாசிட்டருக்கு இரண்டு வாய். ஒன்று வேலை நேரத்து வாய். அலபாமாவில் எங்கள் ஊர் காக்கர்ஸ் பெண்டைச் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் மாதாமாதம் போய்க் கரண்ட் மீட்டர் பார்ப்பது அவன் வேலை. "மீட்டர் பாக்கணும், நாயக் கட்டுங்கம்மா" என்பதற்கு மேல் அந்த வாய்க்கு ஒன்றும் தெரியாது. இன்னொன்று கேரோ காலேஜ் கால்பந்து வாய். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்குக் கால்பந்து என்று எந்தப் புண்ணியவான் பேர் வைத்தானோ தெரியாது. அந்தப் பேரைச் சொன்னால் போதும், அவனுடைய இரண்டாவது வாய் திறந்துகொள்ளும். மூட ஆளில்லை.

கேரோ காலேஜில் அவன் ஒருநாள்கூடப் படித்ததில்லை. அவன் அப்பாவும் படித்ததில்லை. இருந்தாலும் அது "நம்ம காலேஜ்". சின்னம் நாரை, நிறம் நீலம். ஜென்ம எதிரி, மாநிலத்தின் இன்னொரு கோடியில் இருக்கிற டாலிவர் காலேஜ். அவர்களுக்குக் காளை, ஆரஞ்சு நிறம். டிவிட்டுக்கு ஆரஞ்சுப் பழச் சாறு கொடுப்பதென்றால் மூடி போட்ட டம்ளரில்தான் கொடுக்க வேண்டும். கண்ணில் பட்டால் குடிக்க மாட்டான்.

மேட்ச் எல்லாம் இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். மீதி மாதங்களில் இவன் என்ன செய்வான் என்று கேட்டால், பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற பையன்களில் யார் எந்தக் காலேஜுக்கு ஆடப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பையன்களுக்கு எங்கோ ஒருத்தர் உட்கார்ந்து நட்சத்திரம் போட்டுப் புத்தகம் அச்சடிக்கிறார். ஐந்து நட்சத்திரம் என்றால் அதற்கு மேல் ஆளில்லை. டிவிட் அந்தப் புத்தகத்தை வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். "பக்கத்துலயா? மேலயே வச்சிருக்கார்" என்பாள் அவன் மனைவி நாடீன்.

எழுபத்தொன்பதில் பிரெஸ்டன் வெயில் என்று ஒரு பையன் வந்தான். அவன் வீசினால் பந்து மேகத்தில் நனைந்துதான் இறங்கும் என்றான் டிவிட். முதல் மேட்சிலேயே எதிராளி கையில் பார்த்து நாலு தடவை வீசினான் அந்தப் பிள்ளை. இப்போது மெத்தை விற்கிறான். எண்பத்தாறில் இரட்டைப் பிறவிகள் இரண்டு பேர். மூன்றாம் வாரமே அம்மா ஞாபகம் வந்து ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். பிப்ரவரியில் அவதாரம், அக்டோபரில் தண்டச்சோறு. வருஷா வருஷம் இதே கூத்துதான்.

"எத்தன தடவடா ஏமாறுவ?" என்று கேட்பேன்.

"இந்த வருஷத்துப் பையன் வேற மாதிரிக்கா" என்பான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துப் பையன் நிஜமாகவே வேறு மாதிரிதான். பேர் ஜெரிக்கோ யான்சி. ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு மைலில் வீடு. பந்தை வாங்கிக்கொண்டு ஓடினால் பிடிக்க வருகிறவன் கையில் காற்றுத்தான் மிஞ்சும். ஐந்து நட்சத்திரம். பக்கத்திலேயே ஒரு பையனுக்கு ஐந்து போட்டது அதுதான் முதல் தடவை. ஊரே நிலைகொள்ளவில்லை. தீவனக் கடை ஹோபார்ட் தன் கடை வாசலில் ஒரு படுக்கை விரிப்பில் "ஜெரிக்கோ, நீலம் உடுத்து!" என்று எழுதித் தொங்கவிட்டான். விரிப்பு நாடீனுடையது. கொடுத்தது யார் என்று அவள் கேட்கவே இல்லை. எங்கள் பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் நோயாளிகளுக்கும் பயணம் போகிறவர்களுக்கும் நடுவில் அந்தப் பையன் பேரையும் செருகினார். சனிக்கிழமைக் காலை ரேடியோவில் ஆளாளுக்குப் போன் போட்டுப் பேசுகிற நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதில் "டீக்கன்" என்ற பொய்ப் பேரில் ஒருத்தன், "இவன் மட்டும் வரட்டும், நாலு வருஷத்துல மூணு கோப்பை, எழுதி வச்சுக்குங்க!" என்று தொண்டை கிழியக் கத்துவான். டீக்கன் யார் என்று எனக்கும் நாடீனுக்கும் மட்டும்தான் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. யான்சி வீட்டு மீட்டர் டிவிட்டின் வழியில் வரும். மாதம் ஒரு தடவை அந்த முற்றத்தில் கால் வைத்தாக வேண்டும். ஆனால் விதி என்னவென்றால், காலேஜ் ஆதரவாளர் யாரும் அந்தப் பையன்களிடம் ஆட்டத்தைப் பற்றிப் பேசி ஆசை காட்டக் கூடாது. வீட்டாருக்கு ஒரு மிட்டாய்கூடக் கொடுக்கக் கூடாது. மீறினால் அந்தப் பையன் அந்தக் காலேஜுக்கு ஆடவே முடியாமல் போய்விடும். டிவிட் முப்பது வருஷமாக நாரை மன்றத்தில் உறுப்பினர். அவன் பேர் வருஷா வருஷம் மேட்ச் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் வரும். விதி அவனுக்கு மனப்பாடம். அதனால் பையன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தால் இவன் பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டரையே பார்ப்பான்.

"தண்ணி வேணுமா சார்?" என்று பையன் கேட்பான்.

"வேண்டாம் தம்பி. மழை வரும்போல."

"ஆமா சார்."

"தக்காளிக்கு நல்லது."

அவ்வளவுதான். வண்டிக்குத் திரும்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைக் குத்துவானாம்.

ஜனவரியில் பையனின் அம்மா கொரின் சர்ச் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். மீட்டர் பார்க்கப் போனவன் ஊன்றுகோலோடு அவளைப் பார்த்தான். வீட்டுக்கு வந்து, "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா கால் ஒடிஞ்சு கிடக்கு" என்றான். நாடீன் யார், என்ன என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். சட்டி அடுப்பில் ஏறிய பிறகுதான் பேரைக் கேட்போம். கோழியும் மாவு உருண்டையும் வேகவைத்து, பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தாள். இவனும் மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். விதி கிதி ஒன்றும் நினைவில்லை. கால் உடைந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவனுக்கு அதெல்லாம் எங்கே நினைவுக்கு வரும்?

பாத்திரம் திரும்பி வர வேண்டுமே என்று அடியில் பட்டை ஒட்டிப் பேர் எழுதிவைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். நாடீன் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: டிவிட் லாசிட்டர், காக்கர்ஸ் பெண்ட்.

அந்த வியாழக்கிழமை டாலிவர் காலேஜ் கோச் யான்சி வீட்டுக்கு வந்தார். பையனைக் கேட்டு வீடு வீடாக வருவது அவர்கள் வழக்கம்தான். வந்தவரைச் சாப்பிடச் சொன்னாள் கொரின். மனுஷன் இரண்டு தட்டு சாப்பிட்டார். மூன்றாவது தடவை வழித்துப் போட்டுக்கொள்ளப் பாத்திரத்தைத் தூக்கியவர் கண்ணில் அடியில் இருந்த பட்டை பட்டுவிட்டது. பாத்திரத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாராம். ஒரு மாவு உருண்டை டையில் விழுந்ததுகூடத் தெரியவில்லையாம்.

"யாரும்மா இந்த லாசிட்டர்?"

"மீட்டர் பாக்க வர்றவருங்க."

"ரொம்ப நல்ல மனுஷன்போல" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

பாத்திரத்தை வாங்கப்போன டிவிட்டிடம் கொரின் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே என் வீட்டுக்கு வந்தான். கழுவிய பாத்திரம் இன்னும் அக்குளில் இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, நான் செத்தேன்."

"உக்காந்து சாவுடா. என்ன ஆச்சு?"

சொன்னான். "இருபது வருஷமா இப்படி ஒரு பையன் வரமாட்டானான்னு தவம் கிடந்தோம். வந்தவன மாவு உருண்ட போட்டு நானே கெடுத்துட்டேன். அந்தாளு போய் மேட்ச் புத்தகத்துக் கடைசிப் பக்கத்த ஒரு தடவ பொரட்டினாப் போதும். ஹோபார்ட்டுக்குத் தெரிஞ்சா என்னத் தீவன மூட்டையில கட்டி ஆத்துல போட்ருவான்."

"நாடீன் கிட்ட சொன்னியா?"

"சமைச்சதே அவதானே! எப்படிச் சொல்லுவேன்?"

நான் எழுந்துபோய்க் காபி ஊற்றினேன். கொரின் என்கிற பேர் எனக்குள் எங்கேயோ இடறிக்கொண்டிருந்தது. "அந்தக் கொரின் யாரு பொண்ணு?" என்று கேட்டேன். எந்தச் சங்கதியானாலும் முதலில் அதைக் கேட்காமல் எனக்கு ஓடாது.

"யாருக்குத் தெரியும்? அவ அப்பா பேரு லூதர் மாப்ஸோ என்னவோ."

"லூதர் மாப்ஸா? மில்லுக்கார மாப்ஸ் மகனா?"

"அதுக்கென்ன இப்ப?"

"அடேய் மண்டு! லூதருக்கு அஞ்சு வயசுல அம்மா செத்துட்டா. வளத்தது யாருன்னு நெனச்ச? உன் அத்த வெர்டிடா! உங்கப்பன் கூடப் பிறந்தவ. மில்லுக்காரருக்கு ரெண்டாம் தாரமாப் போனா."

டிவிட்டுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அம்மா விட்டுப்போன தையல் மெஷின் யாருக்கு என்று அண்ணனும் தங்கையும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியபோது இவன் முழங்கால் உயரம். அப்புறம் அந்த வீட்டில் வெர்டி என்ற பேரே எடுக்கக் கூடாது. அவள் சாவுக்குக்கூட இவன் அப்பா போகவில்லை. நான் போனேன். சாவுச் சடங்கில் கொடுக்கும் அச்சுத்தாளைப் பழைய தொப்பிப் பெட்டியில் போட்டுவைப்பது என் பழக்கம். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து ஒரு மணி நேரம் தேடினோம். கிடைத்தது. "இவரது பிரிவால் வாடுவோர்" என்று வரிசை போட்டிருந்தார்கள். மகன் லூதர், மருமகள், பேத்தி கொரின். அதற்கும் கீழே, அண்ணன் மகன் டிவிட் லாசிட்டர். எதிரி வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் யாரோ நியாயமாக எழுதியிருக்கிறார்கள்.

"சொந்தக்காரங்க சாப்பாடு குடுக்கலாமா கூடாதா?" என்றேன்.

அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். தன் கல்யாணத்தன்றுகூடக் கொடுத்ததில்லை.

மறுநாள் கேரோ காலேஜுக்குத் தானே போன் போட்டான். விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ள அங்கே மிஸ் கில்கிறிஸ்ட் என்று ஒரு பெண் இருந்தாள். இவன் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி எழுந்து நின்று பேசினான்.

"என்ன குடுத்தீங்க சார்?"

"கோழிங்கம்மா."

"உயிரோடவா?"

"இல்லம்மா, மாவு உருண்டையோட."

அவள் சிரிப்பை அடக்கியது போனுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. உறவு விஷயத்தைச் சொன்னதும் அந்த அச்சுத்தாளைத் தபாலில் கேட்டாள். அனுப்பினோம். கொரினுக்கும் போன் போட்டு விசாரித்தாள். பத்து நாளில் கடிதம் வந்தது. நாடீன்தான் படித்துச் சொன்னாள், அதற்குள் அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டதே. டிவிட் லாசிட்டர் பையனுக்குக் குடும்ப உறவினர், தவறொன்றுமில்லை என்று எழுதி, முத்திரையும் குத்தியிருந்தது. டிவிட் சமையலறையில் ஒரு சுற்று ஆடினான்.

அதன் பிறகு கொரினிடமிருந்து போன்.

"வெர்டி பாட்டியோட அண்ணன் மகனா நீங்க? இத்தன வருஷம் மீட்டர மட்டும் பாத்துட்டுப் போயிருக்கீங்களே, டிவிட் மாமா! புதன்கிழம எந்தக் காலேஜுன்னு பையன் கையெழுத்துப் போடுறான். சொந்தக்காரங்க வரிசையில உங்களுக்கும் அத்தைக்கும் நாற்காலி போட்டிருக்கு." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஆபீஸ் பொண்ணு சொல்லிச்சு, நீங்க நாரைக் கட்சியாமே. பையன் கிட்ட நான் சொல்லல. நீங்களும் வாயத் திறக்காதீங்க."

"ஏன்மா?"

"வந்து பாருங்க, புரியும்."

பிப்ரவரி முதல் புதன்கிழமை காலை பத்து மணி. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. ஹோபார்ட் நீலச் சாயம் பூசின முகத்தோடு வந்திருந்தான். மேஜையில் மூன்று தொப்பிகள்: நீலம், ஆரஞ்சு, வேறு ஏதோ காலேஜின் பச்சை. பையன் எந்தத் தொப்பியைத் தலையில் வைக்கிறானோ அந்தக் காலேஜ். நான் டிவிட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் என் நாற்காலியும் ஆடியது.

ஜெரிக்கோ எழுந்தான். அம்மாவுக்கு நன்றி சொன்னான், தேவனுக்கு நன்றி சொன்னான். கை நீலத் தொப்பிப் பக்கம் போனது. அதைத் தாண்டிப் போய் ஆரஞ்சை எடுத்துத் தலையில் வைத்தது.

ஹோபார்ட் முகத்தில் சாயத்துக்கு அடியில் என்ன நிறம் இருந்ததோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். அதோடு போயிற்றா? கொரின் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். குடும்பத்துக்கு ஆளுக்கொரு ஆரஞ்சுத் தொப்பி. ஒரு கக்கத்தில் ஊன்றுகோலோடு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து டிவிட் கையிலும் ஒன்றை வைத்தாள். பத்திரிகைக்காரன் கேமராவைத் தூக்கி, "குடும்பத்தார் எல்லாரும் தொப்பி போட்டுக்குங்க!" என்றான்.

டிவிட் அந்தத் தொப்பியைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பாம்பைக் கையில் கொடுத்திருந்தாலும் அவன் இன்னும் கொஞ்சம் அன்பாகப் பார்த்திருப்பான்.

"எந்திரிச்சு வெளிய போயிடட்டுமா அக்கா?" என்று உதடு அசையாமல் கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் பையனே வந்துவிட்டான். இவன் தோளில் கை போட்டான். அது கையா, தூலமா!

"நீங்க வந்தது ரொம்ப சந்தோஷம், மாமா. அம்மா சொன்னாங்க நீங்க நம்ம சொந்தம்னு. எனக்கு அப்பவே தோணுச்சு."

"எப்படிய்யா?"

"ரெண்டு வருஷமா எங்கிட்ட பந்தப் பத்திப் பேசாத ஒரே ஆளு நீங்கதான். முடி வெட்டப் போனா கேரோ, சர்ச்சுக்குப் போனா கேரோ. பல்லு பிடுங்கப் போனா வாயில கைய விட்டுக்கிட்டே 'நீலந்தானே தம்பி?'ன்னு கேக்குறாரு. ரேடியோவுல ஒரு கிறுக்கன், டீக்கனாம், நான் மூணு கோப்பை கொண்டு வருவேனாம்! இந்த ஊருக்குப் பக்கத்துல ஆடினா, ஒரு தடவ நான் தடுக்கி விழுந்தாக்கூட இவங்க அழுதுருவாங்க மாமா. அதான் தூரமாப் போறேன். நீங்க மட்டும் மழையப் பத்திக் கேட்டீங்க."

டிவிட்டின் இரண்டாவது வாய் உள்ளே இருந்து முட்டுகிறது என்று எனக்குத் தெரிந்தது. கொரின் தூரத்திலிருந்து இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தொப்பியை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு தலையில் வைத்தான்.

"தக்காளி நல்லா வந்திருக்காய்யா?" என்றான்.

"பிப்ரவரிலயா மாமா?" என்று பையன் விழுந்து விழுந்து சிரித்தான். கேமரா வெளிச்சம் அடித்தது.

அந்தப் படம் வெள்ளிக்கிழமைப் பேப்பரில் வந்தது. ஹோபார்ட் அதை வெட்டித் தீவனக் கடைக் கல்லாவுக்கு மேலே ஒட்டினான். டிவிட் உள்ளே நுழைந்தால் போதும்.

"காளை வருது, வைக்கோல் எடுத்து வைங்கடா!"

"கயிறு ஆறடி போதுமா, எட்டடி வேணுமா?"

"காளைன்னு ஒண்ணு இருந்தா அது முதுகுல ஒரு நாரை உக்காரத்தான்டா செய்யும்" என்று டிவிட்டும் விடாமல் பதில் சொன்னான். ஆனாலும் ஒரு மாதம் நாய்த் தீவனம் வாங்க அடுத்த ஊருக்குப் போனான். டீக்கன் அதற்கப்புறம் ரேடியோவில் பேசவில்லை. செத்துப்போனதாக யாரோ போன் போட்டு அறிவித்தார்களாம். ஒரு நிமிஷம் மௌனம்கூட அனுசரித்தார்கள்.

காலேஜுக்குப் போன பையன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் டிவிட்டுக்குப் போன் பண்ண ஆரம்பித்தான். முதல் வருஷம் அங்கே அவனைப் பாதி மேட்சுக்குப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். தூரத்து ஊரும் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. "அஞ்சு நட்சத்திரத்துல நாலு உதிர்ந்துடுச்சு" என்று அந்த ஊர்ப் பேப்பரிலேயே எழுதினான் ஒருத்தன். இவனிடம் அதைப் பற்றியெல்லாம் பையன் பேச மாட்டான். விடுதிச் சாப்பாடு, துணி துவைக்கிற மெஷின், ஒரு வாத்தியாருடைய மூக்கு, இப்படித்தான் பேச்சு ஓடும். கேட்க ஆயிரம் கேள்வியை வைத்துக்கொண்டு டிவிட் போன் ஒயரைச் சுருட்டிச் சுருட்டி விரலைக் கட்டிக்கொள்வான்.

நவம்பரில் கேரோவும் டாலிவரும் மோதின. கடைசி நிமிஷத்தில் பந்தை ஜெரிக்கோ கையில் கொடுத்தார்கள். ஓடினான். தாண்டினால் டாலிவருக்கு ஜெயிப்பு என்கிற கோட்டுக்கு இரண்டு அடி இருக்கும்போது பந்து நழுவியது. நாரைக்காரன் ஒருத்தன் அதன்மேல் விழுந்தான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு கேரோ டாலிவரை ஜெயித்தது. டிவிட் தன் வண்டியின் கூரைமேல் ஏறி நின்று கத்தியது மூன்று வீடு தள்ளி என் வீட்டில் கேட்டது.

மறுநாள் மத்தியானம் அவன் வீட்டுச் சமையலறையில் நானும் நாடீனும் பீக்கன் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது.

"சொல்லுய்யா" என்றான் டிவிட். சத்தத்துக்குப் பதில் காற்றுத்தான் வந்தது.

பையன் குரல் எங்களுக்கும் கேட்டது. "தொண்டைக்கு என்ன மாமா?"

"சளிய்யா."

பையன் மெல்லக் கேட்டான், "நேத்து மேட்ச் பாத்தீங்களா?"

நாடீன் கொட்டையை உடைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். டிவிட் நீலச் சட்டையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு ஜெயிப்பு அவனுக்குக் கிடைத்ததில்லை. அதைப் பேச இதைவிடப் பொருத்தமான ஆளும் உலகத்தில் இல்லை.

"நேத்தா?" என்றான். "என்ன மேட்ச்?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு.

"ஒண்ணுமில்ல மாமா, விடுங்க. அங்க மழையா?"

"பிச்சு வாங்குது" என்றான் டிவிட். ஜன்னலுக்கு வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

போனை வைத்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தான். ஒரு கொட்டையை எடுத்து உருட்டினான்.

"பந்து நழுவினது அவன் தப்பில்லக்கா. தரை ஈரம். யாராயிருந்தாலும் நழுவும்" என்றான்.

"அப்போ நீங்க கூரை மேல ஏறிக் குதிச்சது?" என்றாள் நாடீன்.

"அதுவும் வேணுந்தான்" என்று சொல்லி, கொட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான்.